எண்ணெய் அடங்கும் ஓசை

இஸ்திரி அக்கா வறுக்கத் தொடங்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவார். வாணலியிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்துவிடும் என்பதால் வந்த பழக்கம் அது. கண்ணாடி இல்லையென்றால் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் அவருக்குப் பஞ்சுப் பொதி. ஆகவே உருளைக்கிழங்குச் சீவல் மொறுமொறுப்பாகிவிட்டதா என்பதை அவர் கண்ணால் பார்த்து அறிந்ததே இல்லை. காதால் கேட்டு அறிந்தார். ஈரச் சீவல் எண்ணெயில் விழுந்தவுடன் பெருமழை போல் இரையும். ஈரம் குறையக் குறைய அந்த இரைச்சல் தூறலாகத் தேயும். கடைசியில், மழை விட்டபின் கூரை விளிம்பில் சொட்டும் நீரைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துளி ஓசைகள் மட்டும் மிஞ்சும். அந்தக் கணத்தில் கரண்டியை விட்டு அள்ளிவிடுவார். ‘எண்ணெய் அடங்குறது’ என்பது அதற்கு அவர் வைத்திருந்த பெயர்.

அவர் வீட்டுக்கு நேரெதிரே உருளைக்கிழங்கும் வெங்காயமும் பூண்டும் விற்கும் கடை என்னுடையது. அவர் வறுத்த கிழங்கு அனைத்தும் என் கடையிலிருந்து போனவை. அந்தக் கிழங்கைப் பற்றி ஒரு காலத்தில் தெருவில் கிளம்பிய அவதூறு முழுவதையும் நான் ஒருவனே சுமக்க நேர்ந்தது. அது எப்படி என் மேல் விழுந்தது, எப்படி விலகியது என்பதை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இது என் கதையன்று, அக்காவின் கதை. ஆகவே அவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் அவருடைய இஸ்திரிக் கடை. அதன் மேலே வீடு. இரண்டையும் ஒரு குறுகிய மரப்படிக்கட்டு இணைக்கும். தெருவில் பாதிப் பேருடைய சட்டைகள் அந்த மேசையின் மேல்தான் சுருக்கம் நீங்கின. கணவருக்கு நெசவாலையில் வேலை. தறிகள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சொல் சொல்வதற்கும் தொண்டை கிழியக் கத்தியாக வேண்டும். அந்தத் தொண்டையை மாமா ஆலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. அவர் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தெருவுக்கே தெரியும். அக்காவை அவர் கொஞ்சினாலும் தெருவுக்குத் தெரியும் என்பதால், சில நேரங்களில் நாங்கள் கடைகளுக்குள் தலையைக் குனிந்துகொள்வோம்.

அக்கா வறுக்கக் கற்றது ஒரு கோபத்தில். மகள் சிறு பெண்ணாக இருந்தபோது, ஒரு பேருந்துப் பயணத்தில் அவளுக்குச் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பகுதி காற்று. “காத்தை விக்கிறதுக்கா இவ்வளவு மினுக்கல்?” என்று கேட்டுவிட்டு, வீடு திரும்பியதும் வாணலியை அடுப்பில் ஏற்றினார். முதலில் வறுத்தவை ஓரம் கருகி நடுவில் வேகாமல் இருந்தன. அடுத்தவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடையாகின. ஒருநாள், சீவிய கிழங்கை ஒரு வாளி நீரில் போட்ட நேரத்தில், அவசரமாக ஒருவர் சட்டையோடு கீழே வந்து நின்றார். அக்கா இறங்கிப் போய்த் தேய்த்துக் கொடுத்துவிட்டு மேலே வந்து பார்த்தபோது, வாளித் தண்ணீர் பால் போல வெளுத்து, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தவருக்கு உடனே புரிந்துவிட்டது. அது அவருடைய தொழில் சரக்கு. சட்டைக் காலருக்குப் போடும் கஞ்சிப் பசை.

அந்தப் பசை வெளியேறிய சீவல்கள் எண்ணெயில் ஒட்டவில்லை, கருகவில்லை. தனித்தனியாக மிதந்து பொன்னிறமாயின. படிந்த மாவை அவர் கொட்டிவிடவும் இல்லை. நிழலில் உலர்த்திச் சலித்து, காலருக்குப் போட்டார். ஆகவே எங்கள் தெரு ஆண்களின் கழுத்து நிமிர்ந்திருப்பதில் என் கிழங்குக்கும் ஒரு பங்கு உண்டு. வியர்த்தால் மெல்லிய மண் வாசனை வரும். எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

சனிக்கிழமை இஸ்திரிக் கடைக்கு அரை நாள். அன்று காலையில் தெருவிலுள்ளவர்கள் தத்தம் வீட்டுக் காலி டின்னைக் கொண்டுவந்து மரப்படிகளில் வைத்துவிட்டுப் போவார்கள். பெயர் எழுதுவதில்லை. நசுங்கிய மூடி தையல்காரம்மாவுடையது, துருப்பிடித்த நீலம் பள்ளிக்கூடக் காவலாளியுடையது என்று அக்காவுக்கே தெரியும். மாலையில் அவை நிரம்பிப் படியில் காத்திருக்கும்.

கிழங்கு பொறுக்க வரும்போது ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, பச்சை படிந்ததையும் முளை விட்டதையும் ஒதுக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீங்க அக்கா?”

“பொண்ணுன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டு எழுந்து போயிடலாம் தம்பி. இதைக் காசு கொடுத்துல்ல கூட்டிட்டுப் போகணும்?”

அவருடைய வாய் அப்படி. அதனால்தான் பிற்பாடு அவர் சொன்ன சில விஷயங்களை நாங்கள் எவரும் உள்ளபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிற்பகலில், தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். தெருவில் ஒரு சரக்கு வண்டி பின்னால் போகவும் முடியாமல் முன்னால் வரவும் முடியாமல் ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டார் தண்ணீர்க் குழாய் விஷயமாகக் குரலை உயர்த்தியிருந்தார்கள். அக்கா முகத்தில் ஒரு கனிவு.

“தம்பி, நம்ம தெரு இப்பெல்லாம் ரொம்ப மரியாதையாப் போச்சு, கவனிச்சியா?”

“எந்தத் தெருவைச் சொல்றீங்க?”

“இதே தெருதான். முன்னாடி பால்காரன் மணியடிச்சா குலை நடுங்கும். இப்ப ஆளு முன்னாடி வந்து நிக்கிற வரைக்கும் தெரியறதில்ல. எல்லாருக்கும் ஒரு பொறுமை வந்துடுச்சு. மழைகூடப் பாரு, பூனை மாதிரி வந்துட்டுப் போகுது. காலையில ஜன்னலைத் திறந்தா, ரோடு நனைஞ்சு கிடக்கு.”

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மையாகவே அவருக்கு அப்படித்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. புறாக்கள் சிறகடிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே மிதந்தன; பேருந்துகள் நீருக்குள் போவது போலத் திருப்பத்தில் மறைந்தன; மனிதர்கள் உதடுகளால் மட்டும் பேசினார்கள். அந்த மென்மைக்குள் அவர் ஒரு கனவுக்குள் நடப்பவரைப் போல நடந்துகொண்டிருந்தார்.

அதே காலத்தில்தான் வறுவல் நமத்துப்போகத் தொடங்கியது.

முதலில் சொன்னவர் தையல்காரம்மா. “அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன வாரத்து டின்னு கொஞ்சம் தோல் மாதிரி இழுத்துச்சு.” பிறகு காவலாளி சொன்னார். சிலர் சொல்லாமலே டின் வைப்பதை நிறுத்தினார்கள். அக்காவும் தின்று பார்த்தார், அவர்கள் சொன்னது உண்மை. நெடுநாள் ஒரே கை, ஒரே வாணலி, ஒரே முறை. இவற்றில் எதுவும் மாறாதபோது மாறியது எதுவாக இருக்க முடியும்? அவர் நேரே என் கடை வாசலுக்கு வந்தார்.

“என்ன கிழங்கு போட்டே?”

“எப்பவும் போடுறதுதான் அக்கா.”

“எப்பவும் போடுறதுன்னா எப்பவும் போல வந்திருக்கணும்ல? கழிசலை என் தலையில கட்டிட்டே.”

சந்தையில் மூட்டை எடுக்கும்போது கொடுக்கும் சீட்டுகளை நாள் வரிசையில் கம்பியில் குத்தி வைப்பது என் வழக்கம். கடை தொடங்கிய நாளிலிருந்து ஒன்றையும் கிழித்ததில்லை. கம்பியோடு எடுத்து வந்து, எந்த மண், எந்த ரகம், எந்த மொத்த வியாபாரி என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். அக்கா பொறுமையாகப் பார்த்தார்.

“எல்லாம் சரி. சீட்டை வறுத்துத் தின்ன முடியுமா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போயிற்று. அக்காவின் நாக்குக்குத் தெருவில் இருந்த மதிப்பு என் கம்பிக்கு இல்லை. அதற்குப் பிறகு கிழங்கு வாங்க வந்தவர்கள், “அவிக்கத்தான் வேணும், வறுக்க இல்ல” என்று எனக்குச் சலுகை தருவது போலச் சொல்லி வாங்கினார்கள். கடித்தால் சத்தம் வராத கிழங்கு என்பதால் கடைக்கு ‘ஊமைக் கிழங்கு’ என்றொரு பெயரும் வந்து சேர்ந்தது.

நான் படித்தது கொஞ்சம். ஆயினும் பொட்டலம் கட்ட வரும் பழைய காகிதங்களையும், வேளாண்மைத் துண்டறிக்கைகளையும் படிக்காமல் கிழிப்பதில்லை. ஆகவே குற்றச்சாட்டை முறைப்படி ஆராயத் தொடங்கினேன். குளிரில் கிடந்த கிழங்கு இனிப்பேறி, வறுத்தால் கருத்துப்போகும். அக்காவின் வறுவலோ வெளுத்திருந்தது. ஆகவே குளிர் காரணமன்று. பழுது கிழங்கில் என்றால் மாவுச்சத்தும் குறைந்திருக்க வேண்டும். அக்காவிடமே போய்க் கேட்டேன்.

“கழுவின தண்ணியில அடியில நிக்கிற மாவு குறைஞ்சிருக்கா?”

அவர் யோசித்தார். “குறையல.”

“அப்ப காலரெல்லாம் விறைப்பாத்தான் நிக்குதா?”

“நேத்து காவலாளி சொன்னாரு, கழுத்தைத் திருப்ப முடியலைன்னு.”

“மாவு அப்படியே இருக்கு. அப்ப கிழங்குல என்ன குத்தம்?”

“அது கிழங்கைத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, தேய்ப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அதே மூட்டையிலிருந்து கிழங்கு எடுத்துப் போய் என் வீட்டிலேயே சீவி, கழுவி, உலர்த்தி வறுத்தோம். மொறுமொறுவென்று வந்தது. “சத்தம் போட்டுத் தின்னாதீங்க” என்றாள் என் மனைவி. “பக்கத்து வீட்டுல கேக்கும். ஊமைக் கிழங்குன்னு பேரு வாங்கியாச்சுல்ல, அதையாவது காப்பாத்துங்க.” அந்த வறுவலை ஒரு டின்னில் போட்டு அக்காவிடம் கொண்டு போனேன். ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் மாறியது.

“நல்லதை உன் வீட்டுக்கு எடுத்து வச்சுட்டு மிச்சத்தை எனக்குத் தள்ளினியா?”

என் சான்று எனக்கே எதிராகத் திரும்பிவிட்டது. கோபத்தில் டின்னை மூடினேன். அப்போது அக்கா படியில் உட்கார்ந்தார். அன்று சனிக்கிழமை, வழக்கமாகக் கால் வைக்க இடமில்லாத படிகளில் அன்று டின் ஒன்றும் இல்லை.

“கோவிச்சுக்காதே தம்பி” என்றார், வேறொரு குரலில். “உன் கிழங்கு சரியில்லைன்னா வேற கடையில வாங்கிக்கலாம். என் கை சரியில்லாமப் போயிருந்தா எந்தக் கடைக்குப் போறது? அதான் உன்னைத் திட்டிட்டு இருக்கேன்.”

தேநீர்க் கடைக்காரர் அந்தப் பெரிய வாணலியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வரும் சனிக்கிழமை ஒருமுறை வறுத்துப் பார்ப்பது, அதுவும் நமத்தால் வாணலியை அவரிடம் கொடுத்துவிட்டு இஸ்திரியோடு நின்றுகொள்வது என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

“நானே கிழங்கு எடுத்துட்டு வர்றேன்” என்றேன். “என் கண்ணு முன்னாடி வறுங்க.”

“வா. உன் கிழங்குக்கு நீயே சாட்சி.”

அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சமையலறை சிறியது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தேன் போல இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா சீவுகட்டையைத் தாம்பாளத்தின் மேல் சாய்த்து, கிழங்கை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினார். ஒரே அளவான வட்டங்கள் ஓசையில்லாமல் விழுந்தன. நீர் தெளியும் வரை அலசினார். பிறகு, கடையில் தேய்க்கும் மேசைக்கு விரிக்கும் வெள்ளைத் துணியில் சீவல்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினார். அறையின் தரை முழுவதும் ஈர நிலவுகள் கிடந்தன.

ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

“இது வழியாத் தெருவைப் பாத்திருக்கியா? பாரு.”

எனக்கும் ஒன்று கொடுத்தார். பார்த்தேன். என் கடை, தராசு, எதிர்ச்சுவர், போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு முத்துக்குள் அகப்பட்டது போல மங்கலாக ஒளிர்ந்தன. யார் எவர் என்று தெரியவில்லை. கிழங்கு விற்கத் தொடங்கிய இத்தனை காலத்தில் அதன் வழியே நான் ஒன்றையும் பார்த்ததில்லை.

எண்ணெய் காய்ந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்தட்டில் வைத்தார். ஒரு பிடி சீவலை ஒவ்வொன்றாக, தண்ணீரில் பூ விடுவது போல, வாணலியில் விட்டார். பெருமழை எழுந்தது. கண்களை மூடிக்கொண்டு லேசாக ஆடியபடி நின்றார். நானும் மூடிக்கொண்டேன். ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் இலைகளின் மேலும் ஒரே நேரத்தில் பெய்யும் மழை. கேட்கக் கேட்க உறக்கம் போல ஒன்று வந்து தோளில் சாய்ந்தது.

“அடங்கிடுச்சு” என்றார் அக்கா.

கண்களைத் திறந்தேன். கரண்டி எண்ணெய்க்குள் இறங்கிச் சீவல்களை அள்ளிக்கொண்டிருந்தது. மழை ஓயவில்லை. அது அறை முழுவதும் இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா” என்றேன். அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார், திரும்பவில்லை. சற்று உரக்க, “அக்கா!” அப்போதும் திரும்பவில்லை. கீழிருந்து மாமா வழக்கமான தன் ஆலைக் குரலில், “தண்ணி வந்துடுச்சாடி?” என்று கத்தினார். “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று அவருக்கு மட்டும் பதில் போயிற்று.

என் கிழங்கு நிரபராதி என்பது அந்தக் கணத்தில் உறுதியாயிற்று. மாதக்கணக்கில் நான் தேடிய தீர்ப்பு கையில் வந்து விழுந்தபோது அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அக்கா அசையாத குளத்தின் கரையில் நிற்பவரைப் போல நின்றார். சொன்னால் அந்தக் குளம் கலங்கும். மரியாதையான தெருவும் பூனை மழையும் போய்விடும். சொல்லாவிட்டால், தன் கையின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அவர் வாணலியைக் கொடுத்துவிடுவார். செய்யாத குற்றத்தைச் சுமப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்று, உள்ளங்கையைக் காட்டினேன்.

“இன்னும் அடங்கல அக்கா.”

என் உதடுகளைப் பார்த்தார். “என்ன?”

“எண்ணெய் இன்னும் சத்தம் போடுது!”

“எங்க போடுது?”

நான் வாணலியைச் சுட்டிக் காட்டினேன். அவர் மேல்தட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கரண்டிக்கு அகப்படாமல் மிச்சமிருந்த சீவல்களைச் சுற்றி நுரை கொதித்துப் புரண்டதை ஒரு கணம் பார்த்திருப்பார். அதற்குள் ஆவி படிந்து இரண்டு கண்ணாடிகளும் வெளுத்துவிட்டன. அதைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

அடுத்த பிடியை நான் போட்டேன். இரைச்சல் தூறலாகித் துளிகளாகும் வரை காத்திருந்து, பிறகு விரலை உயர்த்தினேன். அவர் அள்ளினார். உப்புத் தூவி, ஆறவிட்டு, ஒன்றை வாயில் போட்டார். மெல்ல மெல்ல அவர் கண்கள் விரிந்தன.

“மொறுமொறுன்னு இருக்கு தம்பி. நான் மெல்லுறது எனக்கு இடி மாதிரி கேக்குது. இது மட்டும் எப்படிக் கேக்குது?”

மாமா படியேறி வந்தார். “என்னடி, அடுப்பை வச்சுட்டு வேடிக்கை பாக்குறீங்க ரெண்டு பேரும்?”

அக்கா அவர் பக்கம் திரும்பினார். “நீங்க இப்பக் கத்தினீங்களா?”

“நான் எங்க கத்தினேன்? பேசினேன்.” என்னைப் பார்த்தார். “ஏன் மாப்ள, கத்தினேனா?”

“எப்பவும் போலத்தான் மாமா.”

“இல்ல... இப்பெல்லாம் நீங்க மெதுவாப் பேசுறீங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்” என்றார் அக்கா. “வயசாக வயசாகப் பாசம் கூடிப்போச்சுன்னு.”

மாமா குனிந்து அடுப்பை அணைத்தார்.

“அப்ப அன்னைக்கு ராத்திரி பேஞ்ச மழை?” என்றார் அக்கா.

“தகரம் பிச்சுட்டுப் போற மாதிரி அடிச்சுது” என்றார் மாமா, கேட்கவே கேட்காத ஒரு சின்னக் குரலில். நான்தான் அதைத் திரும்ப உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அந்த வீட்டில் எண்ணெய் காயவில்லை. வாணலி தேநீர்க் கடைக்கும் போகவில்லை. அலமாரியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. விஷயம் தெரிந்து தெருவார் ஒவ்வொருவராக வந்து, “உன் பேரு தப்பிச்சுதுப்பா” என்றார்கள். ‘வறுக்க இல்ல’ என்பதை விட்டுவிட்டு வெறுமனே கிழங்கு கேட்டார்கள். நான் எதிர்பார்த்த இன்பம் அதில் இல்லை. எதிரே அக்கா தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒலிப்பான் அடிக்கிற வண்டியைப் பார்த்தால், இப்போது அது எவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று கணக்குப் போடுபவரைப் போல நெற்றியைச் சுருக்குவார். மரியாதையான தெரு அவரைக் கைவிட்டுவிட்டது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுப்பில் வந்து அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனாள். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பொட்டு எலும்பு அசைய மறுக்கிறது, அறுவை செய்து பார்க்கலாம், அதற்கு முறை வரும் வரை காத்திருக்க வேண்டும் என்றார்களாம். திரும்பி வந்த அன்று மாலையே அக்கா தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். முகத்தில் பழைய வெளிச்சம்.

“ரெண்டு கொம்பு வச்ச ஒரு இரும்புக் கவை தம்பி. தட்டிக் காதுகிட்ட காட்டினாங்க. ஒண்ணுமில்ல. அப்புறம் அதோட காலைக் காதுக்குப் பின்னாடி, இந்த எலும்புல வச்சாங்க பாரு... தலைக்குள்ள மணி அடிச்சுது. நான் மெல்லுறது கேக்குதேன்னு கேட்டேன்ல? அதுவும் இப்படித்தானாம். காத்து வழியா வந்தாத்தான் உள்ள விடமாட்டேங்குது. எலும்பு வழியா வந்தா விட்டுடுது.”

“நல்லது அக்கா.”

“நல்லது கெட்டது கிடக்கட்டும். சனிக்கிழமைக்குக் கிழங்கு எடுத்து வை.”

ஆலையில் கழித்துப்போட்ட தறிக்கட்டை ஒன்றை மாமா இழைத்து, வழவழப்பாக்கி, துளைக்கரண்டியின் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கொடுத்தார். கரண்டி இப்போது துடுப்பு நீளத்துக்கு இருந்தது. சனிக்கிழமை நான் கிழங்கோடு போய் நின்றபோது, அக்கா அடுப்பிலிருந்து எட்டி நின்று, கரண்டியின் தலையை வாணலியின் அடியில் ஊன்றி, கட்டையின் நுனியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் சாய்த்துக்கொண்டார். கண்ணாடி மேல்தட்டில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. மாமா சீவல்களை ஒவ்வொன்றாக விட்டார்.

அக்கா கட்டையை எலும்போடு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“பெய்யுதா?” என்று மாமா தாழ்ந்த குரலில் கேட்டார்.

அக்காவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினார், வேறெதற்கோ. மழை தேய்ந்து தேய்ந்து தூறலாகும் ஒவ்வொரு படியும் அவருடைய முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தே எண்ணெயின் நிலையை நான் சொல்லியிருப்பேன். திடீரென்று புருவம் நெரிந்தது. கண்களைத் திறக்காமலே, “தம்பி, இது புது மூட்டையா?” என்றார்.

“ஆமா அக்கா!” என்று கத்தினேன்.

“தண்ணி ஜாஸ்தி. முன்ன மாதிரி இறங்கல, இழுக்குது.”

“மழைக்குப் பின்னாடி தோண்டினது, கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்! சீட்டுலயே நாள் போட்டிருக்கு!”

“இங்க வா.”

கட்டையின் நுனியை என் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். அறையில் கேட்ட இரைச்சல் பின்னுக்குப் போய், மண்டைக்குள் எங்கோ ஆழத்திலிருந்து வேறொரு மழை எழுந்தது. நிலத்துக்கு அடியில் கிடந்துகொண்டு, மேலே பெய்வதைக் கேட்பது போல இருந்தது. கிழங்குக்கு மழை இப்படித்தான் கேட்டிருக்கும் என்று தோன்றியது. என்னை அறியாமல் கண்களை மூடினேன்.

“கேக்குதா? இழுக்குதா இல்லையா?”

இழுக்கத்தான் செய்தது. பதில் சொல்வதற்குள் கட்டையை என்னிடமிருந்து பிடுங்கித் தன் எலும்பில் வைத்துக்கொண்டார்.

“மாமாகிட்ட சொல்லு, தீயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி” என்றார். “இன்னும் அடங்கல.”